பிராசசருக்குள் ஒரு கடிகாரம்: அதை யார் படிக்கலாம்?

1981 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ஐபிஎம் பிசியின் கடிகாரம் நொடிக்கு 18.2 முறைதான் தட்டியது. இந்த விநோதமான எண்ணுக்குக் காரணம் தொலைக்காட்சி. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்குத் தேவைப்படும் அதிர்வெண்ணைப்போல் நான்கு மடங்கு, அதாவது 14.31818 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் ஒரு படிகத்தை மதர்போர்டில் வைத்து, அதிலிருந்தே எல்லா வேகங்களையும் ஐபிஎம் பிரித்தெடுத்தது. மூன்றால் வகுத்தது 8088 பிராசசருக்கு. பன்னிரண்டால் வகுத்தது இன்டெல் 8253 என்ற டைமர் சில்லுக்கு. அந்த டைமர் 65,536 வரை எண்ணி முடிக்கும்போதெல்லாம் பிராசசரை ஒருமுறை தட்டும். இரண்டு தட்டல்களுக்கு நடுவில் பிராசசர் 2,62,144 முறை துடித்து முடித்திருக்கும்.

அந்த இரண்டரை லட்சம் துடிப்புகளுக்குள் நடப்பதை அளப்பது எப்படி? டைமரையே போர்ட் வழியாகப் படித்துப் பார்க்கலாம். ஆனால் அது மெதுவான வேலை. அளக்கும் செயலே அளக்கப்படும் செயலைவிட நீளமாகிவிடும். அதனால் நிரலாளர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். ஒரு வெற்றுச் சுழலை ஓடவிட்டு, ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் இடையில் அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் தொடங்கும்போது திரையில் தோன்றும் 'போகோமிப்ஸ்' என்ற எண் அந்த வழக்கத்தின் எச்சம்.

அந்த வழக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதை டர்போ பாஸ்கல் காட்டிக்கொடுத்தது. அதன் சிஆர்டி யூனிட், நிரல் தொடங்கியதுமே 55 மில்லிநொடி நேரம் வெற்றுச் சுழல் ஓட்டி, வந்த எண்ணிக்கையை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். ஈவு 16 பிட்டுக்குள் அடங்க வேண்டும். 200 மெகாஹெர்ட்ஸையொட்டிய வேகமான பிராசசர்கள் வந்தபோது ஈவு அடங்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிய நிரல்கள் 'ரன்டைம் எரர் 200' என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டுத் தொடக்கத்திலேயே நின்றுபோயின. பூஜ்ஜியத்தால் வகுத்ததாக அந்தப் பிழை எண் சொன்னது. உண்மையில் நடந்தது வேறு. பிராசசர் தன் துடிப்பைத் தானே எண்ணிச் சொல்லாதவரை இப்படிப்பட்ட ஊகங்களைத் தவிர்க்க முடியாது.

பெரிய இயந்திரங்களில் இந்தக் குறை முன்பே தீர்ந்திருந்தது. 1970-இல் அறிமுகமான ஐபிஎம் சிஸ்டம்/370-இல் 64 பிட் கடிகாரம் இருந்தது. 1900 ஜனவரி 1-ஐத் தொடக்கமாகக் கொண்டு எண்ணும் அது, 2042 செப்டம்பர் 17-இல் நிரம்பி மீண்டும் பூஜ்ஜியத்துக்கு வரும். அதைப் படிக்கும் ஆணையை எந்த நிரலும் பயன்படுத்தலாம். நேரத்தைத் திருத்தும் ஆணை மட்டும் இயங்குதளத்துக்கு உரியது. 1976-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக்குப் போன கிரே-1 சூப்பர் கணினியில் 12.5 நானோநொடிக்கு ஒருமுறை ஏறும் எண்ணி ஒன்று இருந்தது. 1992-இல் வந்த டிஇசி ஆல்ஃபாவும் துடிப்பெண்ணியோடுதான் பிறந்தது.

ரகசியப் பின்னிணைப்பு

மேசைக் கணினிக்கு அந்த வசதி வந்தது 1993 மார்ச் 22-இல். அன்று இன்டெல் வெளியிட்ட பென்டியத்தில் 'டைம் ஸ்டாம்ப் கவுண்டர்' என்ற 64 பிட் எண்ணி இருந்தது. சுருக்கமாக டிஎஸ்சி. மின்சாரம் பாய்ந்ததும் பூஜ்ஜியத்தில் தொடங்கி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று ஏறும். அதைப் படிக்க ஆர்டிடிஎஸ்சி என்ற ஒற்றை ஆணை போதும். விடை இரண்டு ரெஜிஸ்டர்களில் பாதி பாதியாக வந்து விழும். 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் 32 பிட் எண்ணி வைத்திருந்தால் 65 நொடியில் நிரம்பியிருக்கும். 64 பிட் எண்ணி நிரம்ப எட்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

படிக்கும் உரிமையை அடைத்துவைக்கவும் பென்டியத்தில் வழி இருந்தது. சிஆர்4 என்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் டிஎஸ்டி என்றொரு பிட். அது 0 என்றால் யார் வேண்டுமானாலும் கவுண்டரைப் படிக்கலாம். 1 என்றால் கெர்னல் மட்டுமே படிக்கலாம். சாதாரண நிரல் முயன்றால் பிராசசர் அதை மறித்துக் கெர்னலிடம் ஒப்படைக்கும். பிட்டை மாற்றும் அதிகாரம் கெர்னலுக்கே. பிராசசரை வடிவமைத்தவர்கள் இந்தக் கவுண்டரால் தொல்லை வரலாம் என்று தொடக்கத்திலேயே நினைத்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த ஒற்றை பிட் சாட்சி.

ஆனால் இவற்றின் முழு விவரம் பொதுமக்களுக்கான கையேட்டில் இல்லை. 'பின்னிணைப்பு எச்' என்ற தனிப் பகுதியில் இருந்தது. ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டவர்களுக்கே அது கிடைத்தது. நார்வே நிரலாளர் டெர்யே மதிசன் பென்டியத்தைத் தோண்டித் துருவி அதன் எண்ணிகளைக் கண்டுபிடித்து, 1994 ஜூலை 'பைட்' இதழில் 'பென்டியம் சீக்ரெட்ஸ்' என்ற கட்டுரையாக எழுதினார். பென்டியம் ப்ரோ வந்த பிறகு இன்டெல்லும் அவற்றைத் தன் கையேட்டில் வெளிப்படையாக அச்சிட்டது. அதற்குள் கெர்னல் எழுதுவோர், விளையாட்டு எழுதுவோர், குறியாக்க நூலகம் எழுதுவோர் எல்லாருடைய கைக்கும் ஆர்டிடிஎஸ்சி போய்ச் சேர்ந்திருந்தது.

இப்படிப் பரவிய கவுண்டர் காட்டும் எண்ணை நம்பலாமா என்ற கேள்விக்கு விடை கிடைக்க அடுத்த இருபது ஆண்டுகள் ஆயின.

வரிசை தப்பும் ஆணைகள்

முதல் சிக்கல் 1995-லேயே பென்டியம் ப்ரோவோடு வந்தது. எழுதிய வரிசையில் ஆணைகளை நிறைவேற்றாமல், எது தயாராக இருக்கிறதோ அதை முதலில் நிறைவேற்றும் பிராசசர் அது. அளக்க வேண்டிய வேலைக்கு முன்னும் பின்னும் ஆர்டிடிஎஸ்சி வைத்தால், பின்னால் வைத்தது முந்திக்கொண்டு ஓடிவிடலாம். 1997-இல் இன்டெல் தந்த பரிந்துரை: கவுண்டரைப் படிக்கும் முன், பிராசசரின் அடையாளத்தையும் வசதிகளையும் சொல்லும் சிபியுஐடி ஆணையை ஓட்டுங்கள், அதற்கு முந்தைய எல்லாம் முடிந்த பிறகே அது நகரும். இதிலும் ஒரு தொல்லை உண்டு. சிபியுஐடி எடுத்துக்கொள்ளும் நேரமே ஒருமுறை போல மறுமுறை இருப்பதில்லை.

பின்னாளில் ஏஎம்டியும் அதைத் தொடர்ந்து இன்டெல்லும் ஆர்டிடிஎஸ்சிபி என்ற புதிய ஆணையைச் சேர்த்தன. தனக்கு முந்தைய ஆணைகள் முடியும்வரை அது காத்திருக்கும். பிராசசருக்குள் தனித்தனியாக இயங்கும் கோர்களில் எந்த கோரில் படிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லும். 2010-இல் இன்டெல்லின் கேப்ரியேலே பவோலோனி எழுதிய அளவீட்டு வழிகாட்டி, சோதனையைச் சாதாரண நிரலாக எழுதவே இல்லை. கெர்னல் மாட்யூலாக எழுதியது. காரணம் எளிது. கெர்னலுக்குள் இருந்தால் குறுக்கீடுகளை நிறுத்திவைக்கலாம், வேறு வேலை நடுவில் நுழையாமல் தடுக்கலாம், அளவீடு முடியும்வரை அந்த கோரைத் தனதாக்கிக்கொள்ளலாம். முதல் படிப்புக்கு முன் சிபியுஐடி, இரண்டாவது படிப்புக்கு ஆர்டிடிஎஸ்சிபி, அதன் பின் மீண்டும் சிபியுஐடி என்ற அவருடைய அமைப்பை நுண்ணளவீடு செய்வோர் இன்றும் பின்பற்றுகிறார்கள்.

இரண்டு கோர், இரண்டு நேரம்

அடுத்த அடி மின்சேமிப்பிலிருந்து விழுந்தது. 2000-இல் மடிக்கணினிகளுக்காக இன்டெல் ஸ்பீட்ஸ்டெப் நுட்பத்தைக் கொண்டுவந்தது. மின்கலத்தில் ஓடும்போது பிராசசரின் வேகம் குறையும். கூடவே கவுண்டரின் வேகமும் குறையும். துடிப்பை எண்ணுவதும் நேரத்தை எண்ணுவதும் ஒன்று என்ற எண்ணம் அத்தோடு உடைந்தது.

2005-இல் ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 வந்தபோது நிலைமை முற்றியது. ஒரே சில்லில் இரண்டு கோர். கோருக்கு ஒரு கவுண்டர். ஒரு கோர் ஓய்வெடுக்க, மற்றது தொடர்ந்து ஓட, இரண்டும் விலகிப்போயின. முதல் கோரில் நேரம் பார்த்த நிரல், இரண்டாவது கோருக்கு மாற்றப்பட்டு மீண்டும் பார்த்தால் நேரம் பின்னோக்கிப் போயிருக்கும். விண்டோஸ் விளையாட்டுகளில் பாத்திரங்கள் துள்ளின, திணறின. ஏஎம்டி 'டூயல் கோர் ஆப்டிமைசர்' என்ற மென்பொருளை வெளியிட்டது. கவுண்டரை விட்டுவிட்டு வேறு டைமரைப் பயன்படுத்தும்படி விண்டோஸ் தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னது மைக்ரோசாஃப்ட்.

லினக்ஸ் தரப்பின் விடை ஒரு சோதனையாக வந்தது. 2006-இல் ரெட் ஹேட்டின் இங்கோ மோல்னார் எழுதிய அந்தக் கெர்னல் கோப்பு, இயந்திரம் தொடங்கும்போது ஒவ்வொரு கோரும் கண்விழிக்கும் தருணத்தில் ஓடும். ஏற்கெனவே விழித்திருக்கும் கோர் ஒன்றும் புதிதாக விழித்த கோர் ஒன்றும் ஒரு பூட்டுக்காகப் போட்டியிடும். பூட்டைப் பெற்றவர் தன் கவுண்டரைப் படித்து, நினைவகத்தில் உள்ள பொதுவான இடத்தில் எழுதிவிட்டுப் பூட்டை விடுவார். அடுத்தவர் பூட்டைப் பெற்றுத் தன் கவுண்டரைப் படித்து, முன்னவர் எழுதியதோடு ஒப்பிடுவார். தன்னுடைய எண் சிறியதாக இருந்தால் நேரம் பின்னோக்கிப் போயிருக்கிறது என்று பொருள். சில மில்லிநொடிகளுக்கு இந்தப் போட்டி நடக்கும். ஒருமுறை பிசகினாலும் டிஎஸ்சியைக் கடிகாரமாகப் பயன்படுத்துவதைக் கெர்னல் நிறுத்திவிடும்.

இந்தச் சோதனையின் அழகு அதன் எல்லையில் இருக்கிறது. ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்குப் பூட்டு கைமாறும் நேரத்தைவிடச் சிறிய விலகலை இதனால் பிடிக்க முடியாது. ஆனால் அவ்வளவு சிறிய விலகலை எந்த நிரலாலும் இதே முறையில் உணரவும் முடியாது. ஒரு கோரிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்கே அவ்வளவு நேரம் ஆகிவிடும். ஆகவே சோதனை தேடுவது நிரலைப் பாதிக்கக்கூடிய பிழையை மட்டுமே.

தொடங்கும்போது சரியாக இருந்தால் போதாது, ஓடும்போதும் சரியாக இருக்க வேண்டும். அதற்குக் கெர்னலில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. அரை நொடிக்கு ஒருமுறை டிஎஸ்சி காட்டும் நேரத்தை வேறொரு மெதுவான கடிகாரத்தோடு ஒப்பிடும். நெடுங்காலம் அந்த ஒப்பீட்டில் பொறுக்கப்பட்ட விலகல் 62.5 மில்லிநொடி. ஒப்பிடப் பயன்படும் கடிகாரங்களில் ஒன்று 3.579545 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் மின்மேலாண்மை டைமர். 1981-இல் ஐபிஎம் கடன்வாங்கிய அதே வண்ணத் தொலைக்காட்சி அதிர்வெண்.

2007-இல் ஏஎம்டியும் 2008-இல் இன்டெல்லும் இந்தக் குறையைச் சில்லிலேயே சரிசெய்தன. புதிய கவுண்டர் பிராசசரின் வேகம் மாறினாலும், கோர் ஆழ்ந்த ஓய்வுக்குப் போனாலும் ஒரே சீராக ஏறும். அந்த உறுதிமொழியைத் தெரிவிக்க சிபியுஐடி விடையில் ஒரு பிட் ஒதுக்கப்பட்டது. கெர்னல் அந்த பிட்டைப் படித்தது. ஆனால் சோதனையைக் கைவிடவில்லை. அது சரியான முடிவு என்று விரைவிலேயே தெரிந்தது. சில மதர்போர்டுகளில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள், தான் செலவழித்த நேரத்தை மறைக்கக் கவுண்டரிலேயே எழுதிக்கொண்டிருந்தது. ஹாஸ்வெல் தலைமுறையில் இன்டெல் சேர்த்த ஒரு புதிய ரெஜிஸ்டர், கவுண்டரில் யார் எழுதினாலும் எவ்வளவு மாற்றப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுத்தது. 2016-இல் கெர்னல் நிரலாளர் தாமஸ் க்ளைக்ஸ்னர் அந்த ரெஜிஸ்டரைப் படித்து, மாற்றம் தெரிந்தால் 'ஃபர்ம்வேர் பிழை' என்று அறிவித்துத் திருத்தும் பகுதியை லினக்ஸில் சேர்த்தார்.

இவ்வளவு பாடுபடுவது எதற்கு? நேரம் கேட்பது ஒரு சேவையகத்தில் மிக அதிகமாக நடக்கும் வேலைகளில் ஒன்று. டிஎஸ்சி நம்பகமாக இருந்தால், கெர்னலுக்குள் நுழையாமலேயே நிரல் நேரத்தைப் படித்துக்கொள்ளும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் கெர்னலின் கதவைத் தட்ட வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் கசாண்ட்ரா தரவுத்தளம் ஒரு லினக்ஸ் பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது எழுதும் தாமதம் 30 சதவீதத்துக்கு மேல் கூடியது. அங்கு பணியாற்றிய ப்ரெண்டன் கிரெக் தோண்டிப் பார்த்தபோது, மெய்நிகர் இயந்திரத்தில் நேரம் கேட்கும் முறையே காரணம் என்று தெரிந்தது. டிஎஸ்சிக்கு மாற்றியதும் தாமதம் இறங்கியது.

ஒட்டுக்கேட்கும் கடிகாரம்

எண் சரியாக இருப்பதிலும் ஆபத்து உண்டு. துல்லியமான கடிகாரம் கையில் இருப்பவர், அடுத்த நிரல் என்ன செய்கிறது என்பதை நேரத்தை வைத்தே ஊகித்துவிடலாம். டிஇசி நிறுவனத்தின் வாக்ஸ் பாதுகாப்புக் கெர்னல் திட்டத்தில் வெய்-மிங் ஹூ இதை முன்கூட்டியே கண்டார். நிரல்களுக்குத் தெரியும் நேரத்தை வேண்டுமென்றே மங்கலாக்கும் முறையை அவர் 1991-இல் விவரித்தார். 1996-இல் பால் கோச்சர், குறியாக்கம் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தே ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்.

2005 மே மாதம் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த மாநாட்டில் காலின் பெர்சிவல் பேசியது ஆர்டிடிஎஸ்சியை நேரடியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. பென்டியம் 4-இன் ஹைப்பர் திரெடிங்கில் ஒரே கோரில் ஒரே சமயம் ஓடும் இரண்டு நிரல்கள் ஒரே கேச் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும். உளவு நிரல் கேச்சைத் தன் தரவால் நிரப்பிவிட்டு, சிறிது நேரம் கழித்து ஒவ்வொரு இடத்தையும் படிக்கும். படிக்க எத்தனை துடிப்பு ஆனது என்று டிஎஸ்சியால் அளக்கும். நேரம் கூடினால் அந்த இடத்தை அடுத்த நிரல் பயன்படுத்தியிருக்கிறது என்று பொருள். அந்தத் தடயங்களிலிருந்து ஓபன்எஸ்எஸ்எல் நிரலின் ஆர்எஸ்ஏ சாவியை மீட்க முடியும் என்று அவர் காட்டினார்.

அதே ஆண்டு லினக்ஸ் 2.6.12-இல் செக்காம்ப் என்ற வசதி சேர்ந்திருந்தது. ஆந்த்ரேயா ஆர்காஞ்சலி உருவாக்கியது. பயன்படாத கணினி நேரத்தை அந்நியர்களுக்கு வாடகைக்கு விடுவது அவருடைய திட்டம். அந்நியர் நிரல் நான்கே நான்கு கெர்னல் சேவைகளை மட்டும் கேட்கலாம் என்று அது பூட்டுப் போட்டது. ஆனால் ஆர்டிடிஎஸ்சி கெர்னல் சேவை அல்ல; பிராசசரின் ஆணை. கெர்னலுக்குத் தெரியாமலேயே நிரல் அதை ஓட்டிவிடும். அதைத் தடுக்க ஒரே வழி, 1993 முதல் சும்மா கிடந்த அந்த டிஎஸ்டி பிட். செக்காம்ப் நிரல் ஓடும்போது மட்டும் அதை 1 ஆக்கும் ஏற்பாடு கெர்னலுக்குள் வந்தது.

நூறு நிரல்கள், பத்து நொடி

இந்த ஏற்பாட்டை எல்லா நிரல்களுக்கும் உரியதாக்கியவர் ஆம்ஸ்டர்டாமின் விரியே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் போஸ்மன். 2008 ஜூலையில் வெளியான லினக்ஸ் 2.6.26-இல் அவருடைய பகுதி இடம்பெற்றது. எந்த நிரலும் பிஆர்சிடிஎல் என்ற கெர்னல் அழைப்பின் மூலம் தனக்குத் தானே கவுண்டரை அடைத்துக்கொள்ளலாம், திறந்துகொள்ளலாம். அடைத்த பிறகு ஆர்டிடிஎஸ்சி ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற குறிப்பலை வந்து சேரும். அவருடைய நோக்கம் உளவைத் தடுப்பதைவிட அகலமானது. ஒரு நிரல் ஓடியதைப் பதிவுசெய்து, அச்சு அசலாக மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் மாறும் எண்ணைத் தரும் ஆணை எதுவும் பிடிபடாமல் போகக் கூடாது. ஆர்டிடிஎஸ்சி அப்படிப்பட்ட ஆணை. அதை மறித்து, அது தரும் எண்ணைப் பதிந்துவைக்க வேண்டும். மொசில்லாவில் உருவான ஆர்ஆர் என்ற பிழைதேடும் கருவி இன்று இதே வசதியைக் கொண்டுதான் வேலை செய்கிறது.

சிக்கல் ஒன்று இருந்தது. தடை நிரலுக்கு உரியது. பிட்டோ கோருக்கு உரியது. ஒரு கோரில் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நிரல்கள் மாறி மாறி ஓடலாம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும், வெளியேறுபவருக்கும் நுழைபவருக்கும் உரிமை வேறுபட்டால் கெர்னல் அந்த பிட்டைத் திருப்ப வேண்டும். இரண்டு குடித்தனங்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் ஒரே கதவுக்குப் பூட்டு போடும் காவலாளியின் நிலை அது. ஒருமுறை மறந்தாலும் தடைசெய்யப்பட்டவர் படித்துவிடுவார். அல்லது அனுமதி பெற்றவர் காரணமின்றி மடிவார்.

இதைச் சரிபார்க்க போஸ்மன் தன் பகுதியோடு மூன்று சிறிய சி நிரல்களையும் கொடுத்தார். முதல் நிரல் அடிப்படையைப் பார்க்கிறது: கவுண்டரைப் படி, அடை, மீண்டும் படி, ஃபால்ட் வருகிறதா பார், திற, படி. இரண்டாவது நிரல் நூறு செயல்முறைகளைப் பெற்றெடுக்கிறது. அவற்றில் பாதி தடைக்குள் இருந்துகொண்டு இடைவிடாமல் படிக்க முயல்கின்றன. மறுபாதி அனுமதியோடு இடைவிடாமல் படிக்கின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் கோர்களுக்காக முட்டி மோதுகின்றன. பத்து நொடி இந்த நெரிசல் நடக்கும். மூன்றாவது நிரலில் ஒவ்வொரு செயல்முறையும் தன் உரிமையைத் தானே அடைத்துத் திறந்து, ஒவ்வொரு மாற்றமும் உடனே பலிக்கிறதா என்று பார்க்கிறது.

இரண்டாவது நிரல் தொடங்கும்போது திரையில் ஒரே ஒரு வரியை எழுதுகிறது: இதற்கு மேல் எதுவும் அச்சாகவில்லை என்றால் எல்லாம் சரி. சோதனைக் கலையின் பாடம் முழுவதும் இந்த அமைப்பில் இருக்கிறது. அனுமதி உள்ளவர் படிக்க முடிகிறதா என்று மட்டும் பார்ப்பது பாதி வேலை. அனுமதி இல்லாதவர் தோற்கிறாரா என்று பார்ப்பது மறுபாதி. இரண்டையும் ஒரே நெரிசலில், கெர்னல் தடுமாறக்கூடிய இடத்தில் வைத்துப் பார்ப்பதே முழு வேலை. முதலில் ஆவணங்களின் அடைவில் எடுத்துக்காட்டாகக் கிடந்த அந்த மூன்று கோப்புகளும் 2016-இல் கெர்னலின் முறையான தற்சோதனைத் தொகுப்புக்கு மாற்றப்பட்டன.

தடையை ஏன் எல்லோருக்கும் விதிக்கவில்லை?

2014-இல் யுவல் யாரோமும் கத்ரீனா ஃபால்க்னரும் வெளியிட்ட 'ஃப்ளஷ்+ரீலோட்' தாக்குதல் ஆர்டிடிஎஸ்சியால் கேச்சின் வேகத்தை அளந்தது. 2018 ஜனவரியில் உலகை உலுக்கிய மெல்ட்டவுன் தாக்குதல், கெர்னல் நினைவகத்தைக் கசியவிட்டு, கசிந்ததை அதே முறையில் படித்தது. கவுண்டரை எல்லா நிரல்களுக்கும் அடைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு.

இரண்டு காரணங்கள் தடுத்தன. ஒன்று, நேரத்தை வேகமாகத் தரும் விடிஎஸ்ஓ என்ற பகுதி, சாதாரண நிரலின் உரிமையோடுதான் கவுண்டரைப் படிக்கிறது. அடைத்தால் நேரம் கேட்கும் நிரல்களும் சேர்ந்தே விழும். இரண்டு, அடைத்தும் பயனில்லை. ஒரு தனி இழையை வெறுமனே எண்ணிக்கொண்டே இருக்கவிட்டு, அந்த எண்ணையே கடிகாரமாகப் பயன்படுத்தலாம். அதனால்தான் 2018-இல் உலாவி நிறுவனங்கள் கடிகாரத் துல்லியத்தைக் குறைத்ததோடு நிற்காமல், இழைகள் நினைவகத்தைப் பகிரும் வசதியையும் தற்காலிகமாக நிறுத்திவைத்தன. நோய்க்கு மருந்து கடிகாரத்தை ஒளிப்பதில் இல்லை, கசிவை அடைப்பதில் இருக்கிறது என்ற முடிவுக்குக் கெர்னல் எழுதுவோர் வந்தார்கள்.

போஸ்மன் தந்த வசதி பதினாறு ஆண்டுகள் எக்ஸ்86 வகைப் பிராசசர்களுக்கு மட்டுமே இருந்தது. 2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12-இல் 64 பிட் ஆர்ம் பிராசசர்களுக்கும் வந்தது.

கணினிக் கல்லூரிகளில் இயங்குதளம் என்ற பாடத்தில் நிரல் மாற்றம், உரிமை நிலை, குறிப்பலை எல்லாம் தனித்தனி அத்தியாயங்களாக நடத்தப்படுகின்றன. அவை மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தைக் காண விரும்பும் மாணவரும் ஆசிரியரும் இந்த மூன்று சோதனை நிரல்களை எடுத்துப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு வரி. நிர்வாகி உரிமை தேவையில்லை. லினக்ஸ் ஓடும் எந்தச் சாதாரண எக்ஸ்86 மடிக்கணினியிலும் தொகுத்து ஓட்டலாம். கெர்னலில் அந்த பிட்டைத் திருப்பும் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், ஒரு பிற்பகல் போதும்.